பாளையங்கோட்டைப் பக்கம் புதிதாகக் குடிவந்தவர்கள் சபையில் சேருவது எப்படி? கடிதம், சங்கம், ஜெபக்கூட்டம், எல்லாம்

வேலை மாற்றலாகியோ, பிள்ளைகள் படிப்புக்காகவோ, ரிட்டயர் ஆகிச் சொந்தச் சீமைக்கே திரும்பியோ திருநெல்வேலி, பாளையங்கோட்டைப் பக்கம் வந்திருக்கிற கிறிஸ்தவக் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நாங்கள் வெளிமாநிலத்திலிருந்து இங்கே வந்தபோது ஒரு கடிதத்துக்காகவும் ஒரு பதிவேட்டுக்காகவும் அலைந்த அலைச்சல் கொஞ்சமில்லை. எதை முதலில் கேட்கணும், யாரிடம் கேட்கணும் என்று சொல்லித்தர ஆளில்லை. அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

இந்த ஊரில் கோயிலுக்குப் பஞ்சமே இல்லை, ஞாயிற்றுக்கிழமை விடிந்தால் நாலு பக்கமும் மணிச்சத்தம் கேட்கும். அதனாலேயே எதிலும் சேராமல் வருஷக்கணக்கில் ஓட்டிவிடவும் முடியும். காலையில் ஒரு கோயில், மனசு வந்தால் மாலையில் இன்னொரு சபை, மழை பெய்தால் வீட்டிலிருந்தபடியே யூடியூப். பிரசங்கம் கேட்பதற்கு அது போதும், விசுவாச வாழ்க்கைக்குப் போதாது என்பது என் உறுதியான எண்ணம். எபிரெயர் 10:25-ல் சபை கூடிவருதலை விட்டுவிடாதிருங்கள் என்ற கையோடு ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள் என்றும் இருக்கிறது. உங்கள் பெயரே தெரியாதவர் உங்களுக்கு எப்படிப் புத்தி சொல்வார்? நீங்கள் இரண்டு வாரமாக வரவில்லை என்பதை யார் கவனிப்பார்?

நான் தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்தவள், அதனால் பெரும்பாலும் சி.எஸ்.ஐ. நடைமுறையைத்தான் சொல்கிறேன். கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே சபையார் பற்றி ஏழாவது தலைப்பில் கொஞ்சம் இருக்கிறது.

1. முதல் மாதத்திலேயே எந்தச் சபை என்று முடிவு செய்யுங்கள்

இரண்டு மூன்று இடத்துக்குப் போய்ப் பாருங்கள், தப்பில்லை. ஆனால் ஒரு மாதம், மிஞ்சிப்போனால் ஒன்றரை மாதத்துக்குள் முடிவுக்கு வந்துவிடுங்கள். அதற்கு மேல் இழுத்தால் பார்வையாளராகவே பழகிப்போகும்.

எல்லோருக்கும் முதலில் ஊசிக்கோபுரத்துக்குப் போகத்தான் ஆசையாக இருக்கும். முருகன்குறிச்சியில் இருக்கும் அந்தத் தூய திரித்துவ பேராலயம் 1826-ல் கட்டப்பட்டது, பாமாலை பாடினால் அந்தக் கூரைக்குக் கீழே கேட்கிற விதமே வேறு. உங்கள் வீடு பக்கத்தில் இருந்தால் தாராளமாக அங்கேயே சேருங்கள். ஆனால் வீடு கே.டி.சி. நகரிலோ பெருமாள்புரத்திலோ இருந்தால் ஒன்றை யோசியுங்கள்: ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு எவ்வளவு தூரமும் போய்விடலாம், கிழமை நாளில் ராத்திரி ஏழு மணி ஜெபக்கூட்டத்துக்குப் போகமுடியுமா? போகமுடியாத தூரத்தில் இருக்கிற சபையில் ஐக்கியம் வளராது. நடந்தோ, பைக்கில் பத்து நிமிஷத்திலோ போகக்கூடிய கோயிலைப் பாருங்கள். உங்கள் தெரு எந்தச் சேகரத்துக்குள் (ஒரு குருவானவரின் பொறுப்பில் இருக்கிற சபை வட்டாரம்) வருகிறது என்று பக்கத்து வீட்டுக் கிறிஸ்தவர் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

சபையைப் பார்க்கப் போகும்போது பாட்டும் பிரசங்கமும் எப்படி என்று மட்டும் பார்க்காதீர்கள். ஆசீர்வாதம் சொல்லி முடிந்தபின் பத்து நிமிஷம் கோயில் வளாகத்தில் நில்லுங்கள். ஜனங்கள் ஒருவரோடொருவர் நின்று பேசுகிறார்களா, அல்லது உடனே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்களா? தனியாக வந்த வயதானவர்களிடம் யாராவது போய்ப் பேசுகிறார்களா? நோயாளிகளுக்காக ஜெபிக்கும்போது பெயர் சொல்லி ஜெபிக்கிறார்களா? இதெல்லாம்தான் அடையாளம்.

அப்புறம், உங்களிடம் "சொந்த ஊர் எது?" என்று கேட்பார்கள். பாசத்தில் கேட்பவர்களும் உண்டு, எந்தச் சாதி என்று தெரிந்துகொள்ளக் கேட்பவர்களும் உண்டு. நம் பக்கத்துச் சபைகளில் இந்த வியாதி இருக்கிறது, மறைத்துப் பேசுவதால் யாருக்கும் பிரயோஜனமில்லை. "நம்ம ஆட்கள் அந்தக் கோயில்லதான் இருக்காங்க, அங்க போங்க" என்று நல்லெண்ணத்தோடேயே யாராவது சொன்னாலும் அதை வைத்துச் சபையைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒரே பாத்திரத்தில் பானம்பண்ணுகிற இடத்துக்குள் அந்தக் கணக்கைக் கொண்டுபோவது கர்த்தருடைய பந்திக்கே அவமானம்.

2. மாற்றுக் கடிதம்: ஊரைவிட்டுக் கிளம்புமுன் வாங்குங்கள்

எங்களுக்கு அதிக அலைச்சல் வைத்தது இதுதான். நீங்கள் இருந்த சபையின் குருவானவர், இன்னார் குடும்பம் எங்கள் சபையில் திருவிருந்து எடுக்கிற அங்கத்தினர்கள், இவர்களை உங்கள் சபையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கையெழுத்தும் முத்திரையும் வைத்துத் தருகிற கடிதம். சபை லெட்டர்பேடில் இருக்கணும். முத்திரை இல்லாத கடிதத்தை இங்கே திருப்பிவிட்டார்கள். மறுபடி எழுதி வாங்குவதற்குள் முன்னே இருந்த சபையில் குருவானவர் மாற்றலாகிப் போய்விட்டார். புதிதாக வந்தவருக்கு எங்களைத் தெரியாது, பதிவேட்டைப் பார்த்துத்தான் எழுதுவேன் என்றார், அது அவர் பக்கம் நியாயம்தான். ஆனால் பதிவேட்டில் எங்கள் குடும்பப் பக்கம் பல வருஷமாகத் திருத்தப்படாமலே கிடந்தது. போன் மேல் போன் போட்டுத்தான் வேலை நடந்தது.

கடிதத்தில் இருக்கவேண்டியவை: குடும்பத்தில் எல்லோருடைய பெயரும் பிறந்த தேதியும், யார் யார் ஞானஸ்நானம் பெற்றவர்கள், யார் யார் திடப்படுத்தல் (பேராயர் கைவைத்து ஜெபித்துத் திருவிருந்துக்குச் சேர்ப்பது) பெற்றவர்கள், சங்கம் (மாதக் காணிக்கை) எந்த மாதம் வரை கட்டியிருக்கிறது. கடைசியில் சொன்னதைப் பலபேர் விட்டுவிடுவார்கள். அது இல்லாவிட்டால் இங்கே பாக்கி கேள்வி வரும்.

இதோடு கூட வைத்துக்கொள்ள வேண்டிய நகல்கள்:

ஒவ்வொருவருடைய ஞானஸ்நானச் சான்றிதழ், திடப்படுத்தல் பெற்றவர்களுக்கு அந்தச் சான்றிதழ், கணவன் மனைவியின் விவாகச் சான்றிதழ், ஆதார், குடும்பப் புகைப்படம் ஒன்று (சில சேகரங்களில் குடும்ப அட்டையில் ஒட்டக் கேட்பார்கள்). அசலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள், கொடுத்துவிட்டு வராதீர்கள்.

பெயர் விஷயத்தில் கவனம். நம் ஊரில் ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிக்கூடத்தில் கொடுத்த பெயர் வேறு, வீட்டில் கூப்பிடுவது இன்னொன்று என்று இருக்கும். தகப்பனார் பெயரின் இனிஷியல் முன்னே வருமா பின்னே வருமா என்பதுகூட சான்றிதழுக்குச் சான்றிதழ் மாறும். புதுப் பதிவேட்டில் எழுதும் நாளிலேயே ஆதாரில் இருக்கிறபடி எழுதச்சொல்லி, பக்கத்தில் ஞானஸ்நானப் பெயரையும் குறிக்கச்சொல்லுங்கள். பின்னால் கல்யாணச் சமயத்தில் திருத்தப் போனால் நாலு பேர் கையெழுத்து வேண்டியிருக்கும். பிள்ளைகளின் ஞானஸ்நானச் சான்றிதழ் இருக்கிறதே என்று பிறப்புச் சான்றிதழை அசட்டை பண்ணவேண்டாம், அரசாங்கக் காரியங்களுக்கு ஞானஸ்நானச் சான்றிதழ் அதற்கு ஈடாகாது.

ஞானஸ்நானம் எடுத்த கோயில் எங்கேயோ தூரத்தில் இருக்கிறது, சான்றிதழ் தொலைந்துவிட்டது என்றால் அந்தச் சேகரத்துக்குப் பெயர், பெற்றோர் பெயர், ஞானஸ்நானம் நடந்த வருஷம் மூன்றையும் எழுதி, திரும்ப அனுப்ப ஸ்பீடு போஸ்ட் செலவையும் நீங்களே கொடுத்துவிடுங்கள். வருஷம் சரியாகத் தெரியாவிட்டால் தேடுகிறவர் பாடு திண்டாட்டம், ஞானத்தகப்பன் ஞானத்தாய் யாரையாவது கேட்டு உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். நகலுக்குச் சின்னத் தொகை வாங்குவார்கள், ரசீது கேளுங்கள்.

ஒரு குழப்பம் இந்தப் பக்கத்துக்காரர்களுக்கு மட்டும் வரும். நாசரேத், சாயர்புரம், மெஞ்ஞானபுரம், முதலூர்ப் பக்கமிருந்து வருகிறவர்கள் "ஒரே திருமண்டலந்தானே" என்று கடிதம் வாங்காமலே வந்துவிடுவார்கள். திருமண்டலம் என்றால் ஒரு பேராயரின் கீழ் வருகிற பகுதி. 2003-லிருந்து தூத்துக்குடி நாசரேத் தனித் திருமண்டலம். ஆகவே கடிதம் கட்டாயம் வேண்டும். சுரண்டை, நல்லூர், இடையன்குடி என்று திருநெல்வேலித் திருமண்டலத்துக்குள்ளேயே மாறினாலும் சேகரம் மாறுகிறது என்பதால் கடிதம் வாங்கிவிடுவதே நல்லது.

3. ஐயரைப் பார்ப்பது

குருவானவரை இங்கே ஐயர் என்றுதான் சொல்வோம். ஆராதனை முடிந்து வாசலில் நின்று கைகொடுக்கிற ஐயரிடம் கடிதத்தை நீட்டாதீர்கள். பின்னால் நூறு பேர் நிற்பார்கள், அவரும் அங்கியைக் கழற்றும்போது எங்காவது வைத்துவிடுவார். பெயரும் தெருவும் மட்டும் சொல்லி, குருமனைக்கு எப்போது வரலாம் என்று கேளுங்கள். பெரும்பாலும் திங்கட்கிழமை தவிர வேறு நாள் சொல்வார்கள். குடும்பமாகப் போங்கள், பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. சபை ஊழியர் பெயரையும் நம்பரையும் அன்றைக்கே வாங்கிக்கொள்ளுங்கள். நடைமுறையில் உங்களுக்கு உதவப்போவது அவர்தான். கடிதம் கொடுத்த தேதியைக் குறித்துவைத்து, இரண்டு வாரம் கழித்து "பதிவேட்டில் ஏறிவிட்டதா ஐயா?" என்று ஒரு தடவை கேளுங்கள். கேட்பதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

4. சங்கமும் மற்றச் செலவுகளும்

சங்கக் காணிக்கை என்பது மாதாமாதம் குடும்பமாகக் கட்டுவது. குறைந்தபட்சம் இவ்வளவு என்று சேகரத்தில் சொல்வார்கள், அதற்கு மேல் உங்கள் வருமானத்துக்கும் மனசுக்கும் ஏற்றபடி. முடிந்தவர்கள் வருஷத்தின் தொடக்கத்திலேயே மொத்தமாகக் கட்டி ரசீதை ஒரு கவரில் போட்டுவையுங்கள். மாதாமாதம் கட்டுகிறவர்கள் மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி விடாதீர்கள். பாக்கி என்பது சாதாரண நாளில் யாருக்கும் தெரியாது, வீட்டில் ஒரு கல்யாணமோ சாவோ நடக்கும்போதுதான் நோட்டைத் திறப்பார்கள், அந்த நேரத்தில் அது பெரிய மனவருத்தத்தில் போய் நிற்கும். நிஜமாகவே கட்டமுடியாத நிலை என்றால் ஐயரிடம் நேரில் சொல்லிவிடுங்கள். அதற்கு வழி இருக்கிறது. சொல்லாமல் கோயிலுக்குப் போவதை நிறுத்திவிடுகிற குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன், அதுதான் மனசுக்குக் கஷ்டமாக இருக்கும்.

மற்றச் செலவுகள்: பிறந்தநாள், திருமணநாள் ஸ்தோத்திரக் காணிக்கை; லெந்து நாட்களில் (ஈஸ்டருக்கு முந்தின தவக்காலம்) தனிக் காணிக்கை; பிரதிஷ்டைப் பண்டிகை; அறுப்பின் பண்டிகை. அறுப்பின் பண்டிகைக்குப் புதிதாகப் போகிறவர்கள் ஏலத்தைப் பார்த்து மிரண்டுபோவார்கள். பீடத்துக்கு முன்னால் வாழைத்தார், முருங்கைக்காய்க் கட்டு, காலைக் கட்டிய சேவல், வீட்டில் சுட்ட முறுக்கு எல்லாம் குவிந்திருக்கும், ஒரு தேங்காய் ஆயிரக்கணக்கில் போகும். அது தேங்காயின் விலையல்ல, ஸ்தோத்திரம். உங்களால் முடிந்த பொருளுக்கு முடிந்த தொகை சொல்லுங்கள், பக்கத்து வீட்டுக்காரர் ஏற்றுகிறார் என்று நீங்களும் ஏற்றவேண்டாம். ஒன்றும் ஏலம் எடுக்காவிட்டாலும் தப்பில்லை, வீட்டிலிருந்து ஒரு படி அரிசியாவது கொண்டுபோய்ப் படைத்துவிடுங்கள்.

5. வீட்டு ஜெபக்கூட்டம்: உண்மையில் சேருவது இங்கேதான்

பதிவேட்டில் பெயர் ஏறியதும் பாதி வேலைதான் முடிந்திருக்கிறது. மீதிப் பாதி உங்கள் பகுதி ஜெபக்கூட்டத்தில் இருக்கிறது. வாரம் ஒருநாள் ராத்திரி ஒவ்வொரு வீடாக முறைவைத்து நடக்கும். ஒரு கீர்த்தனை, வேதவாசிப்பு, சின்னதாக ஒரு தியானம், அப்புறம் சுற்றிவர எல்லோரும் ஜெபம். ஒரு மணி நேரம். கடைசியில் ஜெபக் குறிப்பு கேட்பார்கள். அப்போது பொதுவாக "எங்கள் குடும்பத்துக்காக" என்று நிறுத்திவிடாமல் உள்ளதைச் சொல்லுங்கள். பையனுக்குப் பரீட்சை பயம், வீட்டுக்காரருக்குச் சர்க்கரை கூடிவிட்டது, இடம் விற்பதில் அண்ணன் தம்பிக்குள் மனஸ்தாபம், எதுவானாலும். எதைச் சொல்லலாம் எதைச் சொல்லக்கூடாது என்ற எல்லை உங்கள் கையில். ஆனால் ஒன்றுமே சொல்லாதவர்களுக்கு மற்றவர்கள் எப்படித் தோள்கொடுக்க முடியும்?

என் மாமியாரை ஐகிரவுண்டுப் பக்கம் ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது நான் ஒரு ஜெபக்கூட்ட அக்காவுக்கு மட்டும்தான் மெசேஜ் போட்டேன். அன்று சாயங்காலமே தூக்குவாளியில் நொய்க்கஞ்சியும் தனியாக ஒரு டப்பாவில் தேங்காய்த் துவையலும் வந்தது. ராத்திரித் துணைக்கு யார் எந்த நாள் என்று அவர்களே தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள். என்னை வீட்டுக்குப் போய்த் தூங்கச் சொல்லிவிட்டு ஒரு சித்தி போர்வையை விரித்துக் கட்டிலுக்குக் கீழேயே படுத்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் எனக்கும் இரத்த உறவு கிடையாது. அப்போஸ்தலர் 2-ஆம் அதிகாரத்தில் ஆதிச் சபையார் அந்நியோந்நியத்தில் உறுதியாய்த் தரித்திருந்தார்கள் என்று வாசிப்பதை அந்தத் தரையில் கண்ணால் பார்த்தேன்.

கவனிக்கவேண்டியவை சில. உங்கள் வீட்டு முறை வரும்போது பலகாரத்தில் போட்டி போடாதீர்கள், கருப்பட்டிக் காபியும் கொஞ்சம் சுண்டலும் போதும். நீங்கள் கேசரியும் வடையும் வைத்தால் அடுத்த வாரம் முடியாத வீட்டுக்காரர்கள் முறையையே வேண்டாம் என்பார்கள். வீடு சின்னது, நாற்காலி இல்லை என்று தள்ளிப்போடாதீர்கள், பாய் விரித்தால் போதும். கூட்டத்தில் கேட்ட குறிப்பை வெளியே பேசாதீர்கள். இந்த ஒரு காரணத்தாலேயே ஒரு ஜெபக்கூட்டம் கலைந்துபோகும். வேலைக்குப் போகிறவர்களுக்கு முதலில் கஷ்டமாகத்தான் இருக்கும், மாதத்தில் இரண்டு தடவையாவது தவறாமல் போங்கள், மூன்று மாதத்துக்குள் கோயிலில் உங்களைப் பெயர்சொல்லிக் கூப்பிட ஆட்கள் வந்துவிடுவார்கள்.

டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் வருவதற்குமுன் பகுதிப் பட்டியலில் உங்கள் வீட்டைச் சேர்க்கச்சொல்லுங்கள். புது வீடு என்றால் தவறிப்போகும், பிள்ளைகள் ஏங்கிப்போவார்கள்.

6. பிள்ளைகள், வாலிபர்கள், வெளியே வரமுடியாத பெரியவர்கள்

ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளை முதல் ஞாயிறே சேர்த்துவிடுங்கள், கடிதம் வருகிறவரை காத்திருக்க வேண்டியதில்லை. கோடை லீவில் வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடக்கும், சிநேகிதம் பிடிக்க அதைப்போல ஒன்றில்லை. திடப்படுத்தல் வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள். பேராயர் வரும் தேதியை வைத்துத்தான் வகுப்பு, தவறினால் அடுத்த தடவைதான். ஞானஸ்நானச் சான்றிதழ் இல்லாமல் வகுப்பில் பெயர் எழுதமாட்டார்கள். பரீட்சை வருஷத்தில் பிள்ளையை அலைக்கழிக்காமல் ஒன்பதாம் வகுப்பிலேயே முடித்துவிடுவது நல்லது.

படுக்கையில் இருக்கிற பெரியவர்கள் உண்டென்றால் ஐயரிடம் சொல்லுங்கள், வீட்டுக்கு வந்து திருவிருந்து கொடுப்பார். கேட்டால்தான் தெரியும், கேட்காமல் "யாரும் வந்து பார்க்கவில்லை" என்று வருத்தப்பட வேண்டாம். ஒரு சின்ன மேஜை, வெள்ளைத் துணி, அவ்வளவுதான் நீங்கள் ஆயத்தம் பண்ணவேண்டியது.

7. கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே சபையார்

கத்தோலிக்கர் என்றால் பங்கு அலுவலகத்தில் முந்தைய பங்குத்தந்தையின் கடிதத்தோடு குடும்பப் பதிவு செய்யணும். உங்கள் தெரு எந்த அன்பியத்தில் (பக்கத்துப் பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்த சிறு குழு) வருகிறது என்று கேட்டு அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். மேலே ஜெபக்கூட்டத்துக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். பெந்தெகொஸ்தே, சுயாதீன சபைகளில் தாள் வேலை குறைவு, பாஸ்டரிடம் பேசினால் போதும். முழுக்கு ஞானஸ்நானம் பற்றி அவர்கள் எதிர்பார்ப்பு என்ன என்பதை முதலிலேயே தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள். குடும்பத்தில் பாதிப்பேர் ஒரு சபை, பாதிப்பேர் வேறு சபை என்றால் அதை உட்கார்ந்து பேசி முடிவெடுத்தபின் சேருங்கள்.

8. சொந்த ஊர்க் கோயிலை என்ன செய்வது?

இது நம் ஜில்லாவில் எல்லோருக்கும் இருக்கிற பிரச்சினை. வீடு பாளையங்கோட்டையில், மனசு ஊர்க் கோயிலில். அப்பா தாத்தா கல்லறை அங்கே. அசனம் (கோயிலில் எல்லோருக்கும் போடுகிற பொது விருந்து) அங்கே. ராத்திரியெல்லாம் வாலிபர்கள் உட்கார்ந்து வெங்காயம் உரிப்பதும், விடியற்காலம் அண்டாவில் கொதிக்கிற கறிக்குழம்பு வாசனையும், உள்ளூர் வெளியூர் என்று பார்க்காமல் வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுவதும் விட்டுவிடக்கூடியதா? விடவேண்டாம். ஊர்வரியும் அசனப் பங்கும் அங்கே கட்டுங்கள், பண்டிகைக்கு குடும்பத்தோடு போங்கள்.

ஆனால் சபை அங்கத்துவம் நீங்கள் வசிக்கிற இடத்தில் இருக்கட்டும். இரண்டு இடத்திலும் பெயர் வைத்துக்கொள்ளாதீர்கள், திருமண்டலத் தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் எடுக்கும் நேரத்தில் அது தகராறில் போய் முடியும். வருஷத்துக்கு இரண்டு தடவை போகிற கோயிலில் உங்கள் பிள்ளைகளை வளர்க்கமுடியாது. அடக்கத்துக்கு ஊர்க் கல்லறைத் தோட்டம்தான் வேண்டும் என்று பெரியவர்கள் விரும்பினால் அங்குள்ள ஐயரிடமும் சபையாரிடமும் இப்போதே பேசி வழிமுறையைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். இழவு வீட்டில் நின்றுகொண்டு பேசக்கூடிய விஷயமல்ல அது.

தேர்தல் என்று சொன்னதால் இதையும் சொல்கிறேன்: திருமண்டலத் தேர்தல் காலத்தில் இந்த அணி அந்த அணி என்று வீடுதேடி வருவார்கள். முதல் இரண்டு வருஷம் எந்த அணியிலும் சேராதீர்கள். ஓட்டுப்போடுவது வேறு, கோயில் வளாகத்தில் அணி பார்த்து நின்று பேசுவது வேறு. ஏதாவது செய்யணும் என்றிருந்தால் பாடகர் குழு, ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர், பெண்கள் ஐக்கிய சங்கம், கோயில் கூட்டுகிற முறை என்று எவ்வளவோ வேலைக்கு ஆள் இல்லாமல் இருக்கிறது.

9. கல்யாணம்: தேதி குறிக்குமுன்

மண்டபம் புக் பண்ணிவிட்டுக் கோயிலுக்கு வருவதுதான் எல்லோரும் செய்கிறது. தலைகீழாகச் செய்யுங்கள். முதலில் ஐயரிடம் தேதி கேளுங்கள். லெந்து நாட்களில் கல்யாணம் நடத்தமாட்டார்கள், சாம்பல் புதனிலிருந்து ஈஸ்டர் வரை அதற்குள் வரும். மூன்று ஞாயிறு ஓலை (கல்யாண அறிவிப்பு) வாசிக்கணும், மாப்பிள்ளை சபை, பெண் சபை இரண்டிலும். அதற்கு இரண்டு பேருடைய ஞானஸ்நான, திடப்படுத்தல் சான்றிதழ்களும், வயதுச் சான்றும், சங்க ரசீதும் முன்கூட்டியே போகணும். குறைந்தது இரண்டு மாதம் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்கு அங்குள்ள சபையிலிருந்தும் கடிதம் கேட்பார்கள், அதற்கு இன்னும் கூடுதல் நாள் பிடிக்கும்.

10. மறுபடி ஊர் மாறினால்

மாற்றல் ஆர்டர் வந்த வாரமே ஐயரிடம் சொல்லிவிடுங்கள். சங்கத்தை அந்த மாதம் வரை தீர்த்து ரசீது வாங்குங்கள். கடிதத்தில் எல்லோர் பெயரும் சரியாக இருக்கிறதா என்று குருமனையிலேயே உட்கார்ந்து வாசித்துப் பார்த்து, முத்திரை இருக்கிறதா என்றும் பார்த்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அசலைச் சாமான் லாரியில் போகிற பெட்டிக்குள் வைக்காதீர்கள், கைப்பையில் இருக்கட்டும். போகிற ஊரில் தெரிந்த சபை எதுவென்று ஐயரிடம் கேட்டால் பெரும்பாலும் அங்கே யாராவது ஒருவருடைய நம்பர் கிடைக்கும், சாமான் இறக்கின வாரத்திலேயே அவருக்குப் போன் பண்ணிவிடுங்கள்.